மிக்ஸரை மாத்துறதுக்கு முன்னாடி: கூவல், ஹம்மிங், கரகரப்பு பத்தி கொஞ்சம் விரிவா

கேள்வி இதுதான்: ஊர் கோவில் சபாவுக்கு 16 சேனல் அனலாக் மிக்ஸர் ஒண்ணு வாங்கியிருக்காங்க, மைக்செட்காரரை கூப்பிடாம நாலு பசங்க சேர்ந்து அவங்களே ஓட்டுறாங்க, கச்சேரி, உபன்யாசம், பரதநாட்டியம், ஆண்டு விழா எல்லாத்துக்கும் அதேதான். பாடுறவர் குரல் கொஞ்சம் சின்னதா இருந்தா உடனே கூவுது, பின்னாடி 'உம்ம்'னு ஒரு சத்தம் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கு, வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள ஃபேடரை (சேனல் சத்தத்தை ஏத்தி இறக்க மேலும் கீழும் தள்ளுற பட்டை) தள்ளினா கரகரங்குது, மிக்ஸர் மட்டமான மாடலா, வித்துட்டு பெருசா வாங்கிடலாமான்னு கேக்குறாங்க.

வாங்காதீங்க. கூவுறதும் ஹம்மும் பெரும்பாலும் மிக்ஸருக்கு வெளியில இருந்து வர்றது, கரகரப்பு தூசியும் புகையும் பண்ற வேலை. இப்போ ரெண்டு மடங்கு விலைக்கு ஒண்ணு வாங்கி அதே கேபிள், அதே ஸ்பீக்கர் வெச்ச இடம், அதே கரண்ட்ல மாட்டினா அதுவும் அப்படியேதான் கூவும்.

முதல்ல கெய்ன். சேனலோட உச்சியில இருக்குற அந்த ஒரு குமிழைத்தான் எல்லாரும் ஏதோ வால்யூம்னு நினைச்சு நிகழ்ச்சி முழுக்க திருகிக்கிட்டே இருக்காங்க. மைக்ல இருந்து வர்ற சிக்னல் சில மில்லிவோல்ட்தான், மிக்ஸர் உள்ள வேலை நடக்குற லெவல் ஒரு வோல்ட் கணக்குல, +4 டிபியுன்னு (சிக்னல் வோல்டேஜை சொல்ற ஒரு அலகு) சொல்றது 1.23 வோல்ட். அந்த சின்னதை இந்த பெருசுக்கு கொண்டு வர்றதுதான் கெய்னோட வேலை, அதை ஒருதடவை சரியா வெச்சுட்டா அப்புறம் அங்க கை போகக்கூடாது. வைக்கிற முறை இது: சேனல் ஃபேடரை முழுசா இறக்கிட்டு அந்த சேனல்ல பிஎஃப்எல் (ஃபேடருக்கு முன்னாடி இருக்குற சிக்னலை கேக்குற) பட்டனை அழுத்துங்க, மீட்டர் இப்போ அந்த ஒரு மைக்கை மட்டும் காட்டும், பாடுறவரை நிஜமா கச்சேரில பாடுற பலத்துல பாடச் சொல்லி மீட்டர் 0 பக்கத்துல ஆடுற மாதிரி கெய்னை ஏத்துங்க, எப்பவாவது +6 தொட்டா பரவாயில்லை, சிவப்பு க்ளிப் லைட் மட்டும் எரியக்கூடாது. ஆனா சவுண்ட் செக்ல யாரும் முழு குரல்ல பாட மாட்டாங்க, பல்லவியை பாதி குரல்ல முணுமுணுத்துட்டு 'போதும் தம்பி'ன்னுடுவாங்க, நிஜத்துல அனுபல்லவில மேல் ஷட்ஜம் பிடிக்கும்போதுதான் முழு பலமும் வரும், அதனால செக்ல 0 காட்டினா அதுல இருந்து ஒரு 6 டிபியாவது (டெசிபல், சத்த அளவோட அலகு) குறைச்சு விட்டுடுங்க. தனி ஆவர்த்தனத்துக்கும் இதே கதைதான், மிருதங்கக்காரர் செக்ல வாசிக்கிறதுக்கும் கோர்வைல வாசிக்கிறதுக்கும் சம்பந்தமே இருக்காது.

கெய்ன் வெச்சாச்சுன்னா ஃபேடரை 0 குறிக்கு கொண்டு வாங்க, மாஸ்டரும் அது பக்கத்துலயே இருக்கட்டும். இப்போ ஹால்ல சத்தம் ஜாஸ்தியா இருந்தா ஆம்ப்ளிஃபையர்ல குறைங்க. நிறைய இடத்துல பாத்துருக்கேன், ஆம்ப்ளியை முழுசா திறந்து விட்டுட்டு மிக்ஸர்ல ஃபேடர் எல்லாம் அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும், அப்போ ஆம்ப்ளியோட முழு இரைச்சலும் 'ஸ்ஸ்ஸ்'னு கேக்கும். அதோட ஃபேடர்ங்குறது மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா அளவு குறைக்கிறது இல்ல, 0 பக்கத்துல ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினா சில டிபிதான் மாறும், அடியில அதே ஒரு சென்டிமீட்டர் 20 டிபிக்கு மேல தூக்கிடும், அங்க வெச்சு ஓட்டினா நைஸா ஏத்தி இறக்கவே முடியாது.

நடுவுல கெய்னை தொடாதேன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் மானிட்டர். மேடை மானிட்டருக்கு (பாடுறவங்க தங்களையே கேக்க மேடையில வைக்கிற ஸ்பீக்கர்) போற ஆக்ஸ், அதாவது தனி அவுட்புட், ப்ரீ ஃபேடர்ல (ஃபேடருக்கு முன்னாடியே எடுக்குற மாதிரி) இருக்கணும், அப்போதான் நீங்க ஹாலுக்கு ஏத்துறது இறக்குறது மேடைக்கு தெரியாது. ஆனா கெய்ன் அதுக்கும் முன்னாடி இருக்கு, கெய்னை ஏத்தினா மானிட்டரும் சேர்ந்து ஏறும், மேடையில கூவும், நீங்க ஹால் ஸ்பீக்கரை சந்தேகப்பட்டுக்கிட்டு இருப்பீங்க. எக்கோவுக்கு போற ஆக்ஸ் மட்டும் போஸ்ட் ஃபேடர், அதாவது ஃபேடருக்கு அப்புறம் எடுக்குறது. எக்கோ பத்தி ஒரே வார்த்தை, கர்நாடக கச்சேரிக்கு ரொம்ப கொஞ்சமா போடுங்க, உபன்யாசத்துக்கு போடவே போடாதீங்க, பெரியவங்க யாரோ வந்து 'கணீர்னு இல்லையே'ன்னு சொன்னாலும் சரி.

இனி கூவுறது. ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போய் மறுபடி ஸ்பீக்கர்ல வந்து சுத்திக்கிட்டே இருக்கு, அவ்வளவுதான் ஃபீட்பேக். ஈக்வலைசர்ல (கனமான, நடு, கீச்சு சத்தத்தை தனித்தனியா ஏத்தி இறக்குற குமிழ்கள்) கை வைக்கிறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது நிறைய இருக்கு. மெயின் ஸ்பீக்கர் பாக்ஸ் பாடுறவருக்கு பின்னாடியோ பக்கத்துலயோ இருந்தா முன்னாடி தள்ளுங்க, மைக் எல்லாம் ஸ்பீக்கருக்கு பின்பக்கம் வரணும். அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இருக்குற தூரம் பாதியானா சிக்னல் ஏறக்குறைய 6 டிபி ஏறும், அதாவது 30 சென்டிமீட்டர்ல உக்காந்து பாடுறவரை 15க்கு வரச் சொன்னா நீங்க அந்த 6 டிபியை மிக்ஸர்ல குறைச்சுக்கலாம், இந்த அளவு பலன் எந்த மெஷின் வாங்கினாலும் வராது. வித்வான்கிட்ட இதை கேக்க கூச்சமா இருந்தா ஸ்டாண்டை நீங்களே போய் கிட்ட நகர்த்தி வெச்சுட்டு வாங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அப்புறம் திறந்திருக்குற மைக் எத்தனைன்னு பாருங்க. திறந்த மைக் எண்ணிக்கை ரெண்டு மடங்கானா கூவாம ஏத்தக்கூடிய அளவுல 3 டிபி போயிடும், ஒரு மைக்குக்கு பதிலா எட்டு மைக் திறந்து கெடந்தா 9 டிபி நஷ்டம். உபன்யாசம் நடக்குறப்ப பக்கத்துல வரவேற்புரை மைக், நாதஸ்வர மைக், நேத்து வெச்ச கோரஸ் மைக் எல்லாம் ஏத்தி கெடக்கும், அதையெல்லாம் ம்யூட் பண்ணாலே பாதி பிரச்சனை முடிஞ்சுது. மானிட்டர் வைக்கிற இடத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு, ஷ்யூர் எஸ்எம் 58 மாதிரி கார்டியாய்ட் (முன்பக்க சத்தத்தையே அதிகமா எடுக்குற) மைக் தன் நேர் பின்பக்கத்துல இருந்து வர்றதைத்தான் ரொம்ப கம்மியா எடுக்கும், அதனால மானிட்டர் மைக்கோட வாலுக்கு நேரா இருக்கணும், அதை விட குறுகலா எடுக்குற சூப்பர் கார்டியாய்ட்னா நேர் பின்னாடி இல்லாம பின்பக்கம் கொஞ்சம் சாய்வா ரெண்டு பக்கமும். மைக் தலையை கையால பொத்தி பிடிக்கிற பேச்சாளர் வந்தா இந்த கணக்கு எல்லாம் காலி, அவருக்கு ஸ்டாண்ட் கொடுத்துடுங்க.

இதெல்லாம் பண்ணியும் கூவினா ஈக்வலைசர். 'ஊஊ'ன்னு ஊளை மாதிரி வந்தா 200ல இருந்து 500 ஹெர்ட்ஸுக்குள்ள தேடுங்க, விசில் மாதிரி கீச்சுன்னு வந்தா 2000 ஹெர்ட்ஸுக்கு மேல. மிட் குமிழ் ரெண்டு இருக்குற மிக்ஸர்னா ஒண்ணு எந்த ஹெர்ட்ஸ்னு இடத்தை காட்டும், இன்னொண்ணு அங்க எவ்வளவு ஏத்துறது இறக்குறதுன்னு, இடத்தை தேடி 3ல இருந்து 6 டிபி வரைக்கும் குறைச்சா போதும். ஏத்துறதை விட குறைக்கிறதையே பழக்கமா வெச்சுக்கோங்க, குரல் தெளிவா இல்லைன்னா ட்ரெபிளை ஏத்துறதுக்கு முன்னாடி கீழ இருக்குற மந்தமான பகுதியை குறைச்சு பாருங்க, தானா தெளிவாகும்.

லோ கட் பட்டன் (அடி கனமான சத்தத்தை வெட்டுறது), 75 இல்ல 80 இல்ல 100 ஹெர்ட்ஸ்னு பக்கத்துல போட்டிருக்கும், அதை குரல் மைக் எல்லாத்துக்கும் அழுத்தியே வைங்க. நம்ம மேடைக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா எல்லாரும் பலகை மேடையில கீழ உக்காந்து தொடையில தாளம் போடுறாங்க, அந்த தட்டு ஸ்டாண்ட் வழியா மைக்குக்கு 'தும் தும்'னு ஏறும். மிருதங்கத்தோட தொப்பி பக்க (கனமான சத்தம் வர்ற இடது பக்கம்) மைக்குக்கு மட்டும் இதை எடுத்து விடுங்க. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு (வலது பக்கம்) ஒண்ணு, தொப்பிக்கு ஒண்ணு வெச்சா ரெண்டையும் தனித்தனியா பாலன்ஸ் பண்ணலாம். வயலின்ல, வீணையில ஒட்டுற கான்டாக்ட் மைக்கை நேரா லைன்ல சொருகினா தகரம் மாதிரி கேக்கும், அதுக்கு இன்புட் இம்பிடன்ஸ் 1 மெகா ஓம் அளவுல இருக்குற டிஐ பாக்ஸ் (கருவி சிக்னலை மைக் சாக்கெட்டுக்கு ஏத்த மாதிரி மாத்துற சின்ன பெட்டி) வேணும்.

பரதநாட்டியத்துக்கு போன்ல இருந்து பாட்டு போடுறப்ப ஒரு வினோதம் நடக்கும், இதுக்கு மிக்ஸரை சர்வீஸுக்கே தூக்கிட்டு போனவங்க இருக்காங்க. ஒரு பக்கம் ஈபி பின் (போன்ல சொருகுற சின்ன ஹெட்ஃபோன் பின்), இன்னொரு பக்கம் ஸ்டீரியோ பி-38 (மிக்ஸர்ல சொருகுற பெரிய பின்) இருக்குற கேபிளை மோனோ சேனலோட லைன் இன்புட்ல சொருகினா, பாட்டு கேக்கும் ஆனா பாடுற குரல் காணாம போயிடும். அந்த சாக்கெட் ஸ்டீரியோ கிடையாது, பாலன்ஸ்டு, ரெண்டு கம்பில வர்றதுல ஒண்ணுல இருந்து இன்னொண்ணை கழிச்சுடும், லெஃப்ட்லயும் ரைட்லயும் ஒரே மாதிரி இருக்குறது பொதுவா குரல்தான், அதனால அது அடிபட்டுப் போகும். ஈபியில இருந்து ரெண்டு மோனோ பி-38ஆ பிரியுற கேபிள் வாங்கி ஸ்டீரியோ சேனல்ல சொருகுங்க. எலக்ட்ரானிக் தம்புரா பெட்டில ஹெட்ஃபோன் சாக்கெட் ஸ்டீரியோவா இருந்தா அதுக்கும் இதே எச்சரிக்கை.

ஃபேன்டம் பவர் பட்டன் பத்தி ஆளுக்கு ஒரு பயம் இருக்கு. கன்டென்சர் மைக்குக்கு (வெளியில இருந்து கரண்ட் வேணும்ங்குற வகை) தேவையான 48 வோல்ட்டை அதே மைக் கேபிள் வழியா அனுப்புறதுதான் அது. ஏன் சரியா 48ன்னா, 1966ல நார்வே ரேடியோக்காரங்க நியூமன் கம்பெனிகிட்ட இப்படி ஓடுற மைக் கேட்டாங்க, அவங்க ஸ்டுடியோவுல அவசர விளக்குக்காக 48 வோல்ட் லைன் ஏற்கெனவே இருந்துச்சாம், அதுவே உலகத்துக்கே நிலைச்சு போச்சு. சின்ன மிக்ஸர்ல ஒரே பட்டன் எல்லா சேனலுக்கும் போகும், பரவாயில்ல, ஒழுங்கான கேனன் (மூணு பின் எக்ஸ்எல்ஆர்) கேபிள்ல இருக்குற டைனமிக் மைக்குக்கு (கரண்ட் தேவைப்படாத, காயில் வெச்ச சாதாரண மைக்) ஒண்ணும் ஆகாது, ரெண்டு கம்பிலயும் ஒரே வோல்ட் இருக்குறதால காயில் வழியா கரண்ட் ஓடாது. ஆபத்து எங்கன்னா ஒரு பக்கம் மோனோ பி-38 இருக்குற மட்ட கேபிள், ரிப்பன் மைக், லேப்டாப் அவுட்புட்டை கேனன் சாக்கெட்ல சொருகுறது, இதுங்க கெட்டுப்போகலாம். ஃபேன்டம் போடுறப்பவும் எடுக்குறப்பவும், அது ஓடிக்கிட்டிருக்கப்ப மைக்கை சொருகுறப்பவும் பிடுங்குறப்பவும் சேனலை ம்யூட் பண்ணுங்க, இல்லைன்னா 'டமார்'னு ஒண்ணு ஸ்பீக்கருக்கு போகும், ட்வீட்டர் (கீச்சு சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர்) இதனாலயே போகலாம்.

இப்போ அந்த 'உம்ம்'. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதோட மடங்குகளும்தான் கேக்குது. எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறது சுலபம். மாஸ்டரை இறக்குங்க, அப்பவும் ஹம் இருந்தா மிக்ஸருக்கும் ஆம்ப்ளிக்கும் நடுவுல பிரச்சனை. இறக்கினா போயிடுச்சுன்னா சேனல் சேனலா இறக்கி எதுன்னு பிடிங்க. லேப்டாப் சேனல்ல வருதுன்னா சார்ஜரை பிடுங்கி பாருங்க, நின்னுட்டா க்ரவுண்ட் லூப் (ரெண்டு மெஷினோட எர்த் ரெண்டு வழியா இணைஞ்சு சுத்துறது), அதுக்கு க்ரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிள்ல அந்த இணைப்பை துண்டிக்கிற ஸ்விட்ச்) இருக்குற டிஐ பாக்ஸ் போட்டா முடிஞ்சுது. சில பேர் பிளக்ல எர்த் பின்னை உடைச்சு விட்டா ஹம் போயிடும்னு சொல்லி கொடுப்பாங்க, போகும், ஆனா நாளைக்கு ஏதாவது ஒரு பெட்டில லீக்கேஜ் வந்தா அந்த 230 வோல்ட் பாடுறவர் உதட்டுல இருக்குற மைக் வழியா போகும். தயவு செஞ்சு யாரு சொன்னாலும் அதை மட்டும் பண்ணாதீங்க. மிக்ஸர், ஆம்ப்ளி, மேடை கீபோர்டு எல்லாத்துக்கும் ஒரே போர்டுல இருந்து ஒரே ஃபேஸ்ல லைன் எடுங்க, சீரியல் செட், ஃபோகஸ் லைட், டிம்மர் எல்லாம் வேற ஃபேஸ்ல போகட்டும். மைக் கேபிளும் கரண்ட் ஒயரும் ஒண்ணா கட்டி ஓடக்கூடாது, குறுக்க போயே ஆகணும்னா நேர் குறுக்கா தாண்டட்டும்.

இதுக்கு மேலயும் ஒரு மைக்ல மட்டும் ஹம் இருந்தா கேபிளை மாத்தி பாருங்க. கேனன்ல 1ஆம் பின் க்ரவுண்ட், 2 ஹாட், 3 கோல்டு. 1 விட்டுப் போனா ஹம் வரும், 2 இல்ல 3 விட்டுப் போனா சத்தம் இளைச்சு மெலிசா கேக்கும், மல்டிமீட்டர்ல ரெண்டு நிமிஷ வேலை. கேபிள் சாகுறது முக்கால்வாசி சுத்துற விதத்துல, முழங்கைல போட்டு இறுக்கி சுத்தினா உள்ள இருக்குற பின்னல் முறுக்கிக்கிட்டு சால்டர் கிட்ட அறுந்துடும், பெரிய வட்டமா, ஒரு சுத்து மேல ஒரு சுத்து கீழன்னு மாத்தி மாத்தி சுத்தினா வருஷக்கணக்கா வரும்.

கரண்ட் விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பா இருங்க. திருவிழாவுல ஜெனரேட்டர் வந்தா அதுல மிக்ஸரை மாட்டுறதுக்கு முன்னாடி சாக்கெட்ல மீட்டர் வெச்சு 230 பக்கத்துல இருக்கான்னு பாருங்க, மூணு ஃபேஸ் லைன்ல நியூட்ரல் விட்டுப் போனா லோடு கம்மியா இருக்குற ஃபேஸ்ல வோல்டேஜ் 400 கிட்ட வரைக்கும் எகிறலாம், மிக்ஸர் பவர் சப்ளை ஒரு நொடி கூட தாங்காது. ஆன் பண்றப்ப மிக்ஸர் முதல்ல, ஆம்ப்ளி கடைசில. ஆஃப் பண்றப்ப ஆம்ப்ளி முதல்ல, மிக்ஸர் கடைசில. ஆரத்தி முடிஞ்சதும் யாரோ ஒருத்தர் போய் மெயின் ஸ்விட்சை டக்குனு அணைப்பாரு, எல்லா ஊர்லயும் அப்படி ஒருத்தர் இருப்பாரு, அவர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

கடைசியா கரகரப்பு. ஃபேடர் உள்ள ஒரு கார்பன் பட்டை, அது மேல சின்ன உலோக விரல் உரசிக்கிட்டு போகுது. நடுவுல தூசி படிஞ்சா தொடர்பு விட்டு விட்டு வரும், அதுதான் அந்த சத்தம். கோவில்ல வெறும் தூசி மட்டும் இல்ல, சாம்பிராணி புகை, கற்பூரக் கரி, விபூதி எல்லாம் சேர்ந்து பிசுக்கா படியும். அதனால மிக்ஸர் மேசையை சன்னதிக்கும் தீபத்துக்கும் நேரா போடாதீங்க, விபூதி பூசின கையோட ஃபேடரை தொடாதீங்க, வேலை முடிஞ்சு சூடு ஆறினதும் கெட்டி பருத்தித் துணி போட்டு மூடுங்க, சூடா இருக்கப்பவே பிளாஸ்டிக் கவர் போட்டா உள்ள வேர்த்துக்கும். காபி டம்ளருக்கு மிக்ஸர் மேசையில இடமே கிடையாது, தப்பித்தவறி கொட்டிட்டா உடனே பிளக்கை பிடுங்குங்க, ஹேர் டிரையர் வெச்சு காய வெச்சு மறுபடி போட்டு பாக்குறதெல்லாம் வேண்டாம், சர்க்கரை உள்ள ஒட்டிக்கும், சர்வீஸ்காரர் திறந்து கழுவித்தான் ஆகணும்.

இப்போ வந்திருக்குற கரகரப்புக்கு முதல்ல செலவில்லாத வைத்தியம்: ஆம்ப்ளியை அணைச்சுட்டு ஒவ்வொரு ஃபேடரையும் ஒவ்வொரு குமிழையும் இந்த கோடியில இருந்து அந்த கோடி வரைக்கும் இருபது தடவை ஓட்டுங்க, நிறைய இதுலயே சரியாகும். அதுக்கு முன்னாடி மெல்லிசு பெயின்ட் பிரஷ்ஷால தூசியை கிளப்பி பக்கத்துலயே வேக்குவம் கிளீனரை பிடிச்சு இழுத்துடுங்க, ப்ளோயர் வெச்சு ஊதினா தூசி ஃபேடர் உள்ளதான் போய் உக்காரும். அதுலயும் போகலைன்னா ஃபேடருக்குன்னே விக்கிற ஸ்ப்ரே வேணும், டியாக்ஸிட் ஃபேடர்லூப் மாதிரி, ரொம்ப துளியா அடிச்சு ஓட்டி விடணும். கடையில கிடைக்கிற சாதாரண டபிள்யூடி-40, தையல் மெஷின் எண்ணெய், தின்னர், பெட்ரோல் எதுவும் கிட்ட வரக்கூடாது, முதல் நாள் வழுவழுன்னு இருக்கும், அப்புறம் அந்த எண்ணெய்லயே தூசி குழைஞ்சு முன்னைய விட மோசமாகும்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா கண்டிப்பா வரும். ஒரு சேனல் திடீர்னு செத்துப்போகும், தட்டினா வரும், மறுபடி போகும். உடனே சர்வீஸுக்கு ஓடாதீங்க, அந்த சேனலோட இன்சர்ட் சாக்கெட்ல (வெளி மெஷினை சேனல் நடுவுல மாட்டுற இடம்) வெறும் பி-38 பின்னை பத்து தடவை சொருகி எடுங்க. சிக்னல் அந்த சாக்கெட்டுக்குள்ள இருக்குற சின்ன ஸ்விட்ச் வழியாத்தான் போகுது, யாரும் பயன்படுத்தாம கெடந்து துரு மாதிரி படிஞ்சு தொடர்பு விட்டுடும். கடலோர ஊர்னா இது சீக்கிரமே வரும், பெட்டில சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க, நிகழ்ச்சி இல்லாத மாசத்துலயும் ஒருதடவை ஒரு மணி நேரம் ஓட விடுங்க. ஸ்டோர் ரூம்ல சும்மா வெச்சா கரப்பான் பூச்சி குடி வந்துடும், மூடி இருக்குற பெட்டி முக்கியம். தூக்கிட்டு போறப்ப கேபிள் எல்லாம் கழட்டிட்டு தூக்குங்க, பின்னோட இடிபட்டா சாக்கெட் உள்ள போர்டோட சால்டர் விட்டுடும்.

நாளைக்கு பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மாதிரி டிஜிட்டலுக்கு போனீங்கன்னாலும் கெய்ன், மைக் தூரம், எர்த் எல்லாம் இதேதான், கூடுதலா நாலு விஷயம்: யூபிஎஸ் கட்டாயம், சீனை (மிக்ஸர்ல சேமிச்ச மொத்த செட்டிங்) பென்டிரைவ்ல ஒரு காப்பி, வைஃபை பாஸ்வேர்டை மாத்துறது, கச்சேரி அன்னைக்கு சாஃப்ட்வேர் அப்டேட்ல கை வைக்காம இருக்குறது. இப்போதைக்கு புது மிக்ஸருக்கு வெச்சிருக்குற பணத்துல டிஐ பாக்ஸ் ரெண்டு, ஒரு மல்டிமீட்டர், நல்ல கேனன் கேபிள் பத்து, மூடி போட்ட பெட்டி ஒண்ணு வாங்குங்க. அதுக்கப்புறமும் ஏதாவது ஒரு ஃபேடர் மட்டும் கரகரன்னா அந்த சேனல் மேல டேப் ஒட்டி ஓரம் கட்டுங்க, மீதி பதினஞ்சு இருக்கு, திருவிழா முடிஞ்சதும் அந்த ஒரு ஃபேடரை மட்டும் மாத்திக் கொடுக்கச் சொல்லி சர்வீஸ்ல கேளுங்க.